நாலாம் ஷெட்டில் ஊதிய சைரன்

சுபஸ்ரீக்குப் பசி காதை அடைத்தது. காலையில் ஒரு டீயும் அரை பன்னும் போட்டதோடு சரி. படப்பையில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவரின் கம்பிக்கட்டு காணாமல் போன விஷயமாக, மழை விட்ட வெயிலில் பாதி நாள் நின்றுவிட்டு, டிரெய்லர் லாரிகள் விட்ட சந்துகளில் ஸ்கூட்டரை நுழைத்து அலுவலகம் வந்து சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. சாம்பார் சாதப் பொட்டலத்தை மேஜையில் வைத்து நூலை அவிழ்த்தாள். முதல் வாய் எடுப்பதற்குள், திறந்திருந்த கதவுக்குள் ஒரு பெண் வந்து நின்றாள்.

"துப்பறியறவரு இங்கதான் கீறாரா?"

ஜன்னலோரம் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்த நரசிம்மன் நிமிர்ந்தார். முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த குடோன்களிலும் உடைந்த இயந்திரங்களிலும் காரணம் தேடியவர். ஓய்வுக்குப் பிறகு அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறார். யாரையும் சட்டென்று கேள்வி கேட்க மாட்டார். வந்தவளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எப்பம்மா சாப்பிட்ட?"

"நேத்து மத்தியானம் சார்."

அவர் எழுந்து வந்து, சுபஸ்ரீயின் முன்னால் இருந்த இலையை இரண்டு கையாலும் நகர்த்தி அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தார். இலை போன திசையை சுபஸ்ரீ பார்த்தாள். இந்த மனிதரிடம் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடத்தில் அவள் இழந்த மூன்றாவது பொட்டலம் அது.

வந்தவள் வலது கையால்தான் சாப்பிட்டாள். கட்டைவிரலும் கடைசி இரண்டு விரல்களும் சேர்ந்து சோற்றைப் பிசைந்தன. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்தில் வழுவழுப்பான தோல் மட்டும் இருந்தது.

அவள் பெயர் எழிலரசி. ஒரகடம் பக்கத்துக் கிராமம். கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் ஆளாக பிரஸ் மெஷினில் நின்றவள். அந்த மெஷினுக்கு இரண்டு பொத்தான் பெட்டிகள், வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. இரண்டு உள்ளங்கைகளும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்கினால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் அச்சுக்கு அடியில் இருக்க முடியாது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் தகடு எண்ணிக்கை கூட வேண்டுமென்றால் ஒரு பொத்தானில் போல்ட்டை வைத்து அமுக்கி, துணியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். ஒரு கை அமுக்கும், இன்னொரு கை அடுத்த தகட்டை உள்ளே தள்ளும். வேலை ஓடும். அப்படி ஓடிய ஒரு மதியத்தில் எழிலரசியின் விரல்கள் போயின.

மறுநாளே எல்லா மெஷினிலும் புதுப் பெட்டி மாட்டிவிட்டார்கள். பொத்தான்கள் ஒழுங்காக இருந்தன, அந்தப் பெண்தான் கவனக்குறைவாக இருந்தாள் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. பழைய பெட்டிகள் பழைய இரும்புக்குப் போயின. அந்தக் கடையில் வேலை செய்த அவளுடைய சித்தப்பா மகன், லைன் நம்பர் அடித்த அவளுடைய பெட்டியை அடையாளம் கண்டு எடுத்துவந்து கொடுத்தான். போல்ட்டும் சிவப்புத் துணியும் கட்டியது கட்டியபடி இருந்தன. வரும் புதன்கிழமை நஷ்டஈட்டு வழக்கு விசாரணை. அந்தப் பெட்டி ஒன்றுதான் அவள் பக்கத்துச் சாட்சி.

அந்தப் பெட்டி நேற்று மாலை காணாமல் போனது. அதுவும் ஒரு கலைக்கூடத்தில், ஒரு கூட்டமே பார்த்துக்கொண்டிருக்கும்போது.

"கலைக்கூடத்துக்கு அது எதுக்குப் போச்சு?" என்று சுபஸ்ரீ கேட்டாள். பசியில் குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்தது.

எழிலரசி இலையை மடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். சிங்கப்பெருமாள் கோவில் போகும் ரோட்டில் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் நான்காவது ஷெட்டை, சந்திரலேகா என்ற அம்மாள் வாடகைக்கு எடுத்து நவீன ஓவியங்களும் சிற்பங்களும் வைக்கும் இடமாக மாற்றியிருக்கிறார். சனிக்கிழமை மாலைதோறும் அங்கே ஏதாவது ஒரு நிகழ்த்துதல் நடக்கும். இந்த வாரம் இளங்கோவன் என்ற கலைஞருடையது. பெயர் 'ஷிப்ட்'. அதில் எழிலரசி நடிக்கவில்லை, தான் செய்த வேலையையே செய்தாள். இரும்பு மேஜையில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு, இல்லாத தகட்டை எடுத்து, இல்லாத அச்சுக்குள் வைத்து, அமுக்கி, எடுத்து, மறுபடியும் வைத்து. இளங்கோவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கம்ப்ரசர் சத்தத்துக்கு ஏற்ப மூச்சுவிடுவார். அது அவர் பங்கு.

பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசி சுற்றுப்பட்டு கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். அவளே போய்க் கூப்பிட்டிருந்தாள். தன் கை எப்படிப் போனது என்று அவர்கள் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். முன்வரிசை நாற்காலிகளில் சென்னையிலிருந்து வந்த சிலர். நிகழ்ச்சி பாதியைத் தாண்டியபோது ஸ்பீக்கரில் சைரன் ஒலித்தது.

"அவ்ளோதான் சார். எல்லாரும் எழுந்து வெளிய போய்ட்டாங்க. நானும் போய்ட்டேன். சைரன் கேட்டா என் காலு நிக்காது சார். மாசாமாசம் டிரில் வெச்சி பழக்கி வெச்சிகிறாங்க. முற்றத்துல, ஆளுங்க வந்து கூடற எடம்னு அந்தக் காலத்து அசெம்பிளி பாயின்ட் போர்டு இன்னும் கீது. அதுங்கிட்ட வரிசையா நின்னோம். எங்க லைன் லீடர் ராமண்ணன் முன்னாடி நின்னு தல எண்ணிச்சி. எண்ணி முடிச்ச பெறகுதான் எங்களுக்கே சிரிப்பு வந்திச்சி. இது டிராமா, கம்பெனி இல்லன்னு. உள்ள வந்து பாத்தா மேஜ மேல பெட்டி இல்ல."

அவள் அழவில்லை. தன் கால்களைப் பார்த்தாள்.

"நானே வுட்டுட்டுப் போய்ட்டேன் சார். அதான் சோறு எறங்கல."

நாலாம் ஷெட்டுக்கு அவர்கள் அன்று மாலையே போனார்கள், எழிலரசி பஸ்ஸில், மற்ற இருவரும் ஸ்கூட்டரில். வழியில் சுபஸ்ரீ ஒரு வாழைப்பழம் வாங்கி ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே தின்றாள். பின்னால் உட்கார்ந்திருந்த நரசிம்மன் தோலை வாங்கிக்கொண்டார்.

சந்திரலேகா வாசலிலேயே நின்றிருந்தார். பருத்திப் புடவை, கண்ணாடி, தூங்காத முகம். நேற்றே எல்லோரின் பைகளையும் அவரவர் சம்மதத்தோடு பார்த்துவிட்டதாகச் சொன்னார். தொழிலாளர்கள் பைகளை உட்கார்ந்த இடத்திலேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியே போயிருந்தார்கள். அவர்கள் மேல் சந்தேகப்பட வழியில்லை என்றார். உள்ளே தங்கியவர்கள் சென்னை விருந்தாளிகள், தான், இளங்கோவன். காவலாளி வெங்கடேசன் கேட்டில் இருந்தார். விருந்தாளிகளும் தானும் கூட்டம் எழுந்து போவதைப் பார்க்க முன் ஷட்டர் வரைக்கும் போய் நின்றதாகவும், இளங்கோவன் கைபேசியில் அதைப் படம் எடுத்ததாகவும் சொன்னார். மேஜைக்கு எல்லோரும் முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள்.

போலீஸ் வேண்டாமா என்று சுபஸ்ரீ கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. இந்த இடத்துக்கு ஒத்தாசை செய்பவர்களில் கம்பெனிக்காரர்களும் உண்டு என்று மட்டும் சொன்னார். அந்தப் பெட்டியை மேஜையில் வைக்கத்தான் வேண்டுமா என்று ஒத்திகையின்போதே கேட்டதாகவும் ஒப்புக்கொண்டார். சுபஸ்ரீ நரசிம்மனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்க வேண்டிய தரைதான். நிகழ்ச்சிக்காக ஷெட் முழுக்க வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். செருப்போடு யாரும் உள்ளே வரக்கூடாது என்று, ஷட்டருக்கு உட்புறம் ஓர் இரும்பு ரேக் வைத்திருந்தார்கள். நேற்று மழை. வெளியே போனவர்கள் சேற்றில் நின்று திரும்பி வந்திருந்தார்கள். வெள்ளைத் தரை முழுக்க வெறுங்கால் தடங்கள். ஐந்து விரலும் குதிகாலுமாக, ஷட்டரிலிருந்து ஒவ்வோர் இருக்கைக்கும் போய்ச் சேர்ந்தன.

"துடைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்றார் இளங்கோவன். ஒல்லியான மனிதர், காதில் சின்ன வளையம். "இதை நான் திட்டம் போட்டுச் செய்யலை. அவங்க உடம்பே செஞ்ச வேலை இது. அடுத்த மாசம் வரைக்கும் இப்படியே வைக்கப்போறேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க" என்றார் நரசிம்மன். இளங்கோவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

உட்காருவதற்குப் பழைய எண்ணெய் டிரம்களைப் போட்டிருந்தார்கள். நரசிம்மன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டிரம் டிரம்மாக நடந்தார். மேடை மேஜைக்கு அருகில், தூணை ஒட்டி இருந்த டிரம்மிடம் நின்றார். அதைச் சுற்றித் தரை பளிச்சென்று இருந்தது. ஒரு தடம்கூட இல்லை.

"இங்க உட்கார்ந்தவங்க வெளியவே போகலை சார்" என்று சுபஸ்ரீ மெதுவாகச் சொன்னாள். "அவங்கதான் எடுத்திருக்கணும்."

"யார் உட்கார்ந்தாங்கன்னு கேளு."

எழிலரசி யோசிக்கவே இல்லை. "ராமண்ணன். ஆனா அது வெளியதான் இருந்திச்சி. எல்லாரும் பாத்தாங்களே."

சுபஸ்ரீயின் முகம் வாடியது. இளங்கோவனின் கைபேசிப் படமும் அதையே காட்டியது. மங்கிய வெளிச்சத்தில் ஆட்கள் வந்து வரிசை கட்டினார்கள். வரிசை நேரான பிறகு, இடப்பக்கமிருந்து ராமன் வந்து முன்னால் நின்று, விரலை நீட்டித் தலைகளை எண்ணினான். வரிசையில் நின்றவர்கள் அவனை இடுப்புக்குக் கீழே மறைத்தார்கள்.

நரசிம்மன் அந்த சைரனைக் கேட்க வேண்டும் என்றார். இளங்கோவன் மடிக்கணினியில் சத்தத்தைக் குறைத்துப் போட்டார். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நிற்காமல் ஊளையிட்டது. எழிலரசி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஷிப்ட் முடியும்போது அடிக்கும் சைரன் இது, தன் நிகழ்ச்சிக்குப் பெயரே அதுதான் என்று இளங்கோவன் விளக்கினார். யார் பதிவுசெய்து கொடுத்தது என்று கேட்டபோது தலையை ஆட்டினார். கம்பெனிக்குள் கைபேசியில் எதையும் பதிவுசெய்யக் கூடாது, கொடுத்தவரின் வேலை போய்விடும், பெயர் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். நரசிம்மன் வற்புறுத்தவில்லை.

மேடைக்குப் பின்னால், ஷெட்டின் இடப்பக்கச் சுவரில் ஒரு சிறிய கதவு இருந்தது. திறந்தால் பைக் நிறுத்தும் இடம். ஆனால் கதவுக்கும் பைக்குகளுக்கும் நடுவே, பழைய தொழிற்சாலை விட்டுப்போன இரும்புச் சீவல் மழையில் துருப்பிடித்துப் பரந்து கிடந்தது. சுருள் சுருளாக, கத்தி மாதிரி. சுபஸ்ரீ குனிந்து ஒன்றை எடுக்கப்போய் விரலைக் கீறிக்கொண்டாள்.

காவலாளி வெங்கடேசன் செம்பரம்பாக்கத்துக்காரர். பயந்துபோயிருந்தார். சாவிக்கொத்து தன்னிடம் இருப்பதால் பழி தன் தலையில்தான் விழும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சுபஸ்ரீ அவரை இரண்டு தரம் மடக்கிக் கேட்டாள். மேஜைப் பக்கமே போகவில்லை, வேண்டுமானால் கோயிலில் சூடம் அணைக்கிறேன் என்றார். நரசிம்மன் வேறு ஒன்றைக் கேட்டார். நேற்று எல்லாம் முடிந்து ராத்திரி கூட்டிப் பெருக்கியபோது என்னென்ன குப்பை வந்தது?

அவர் நினைவுபடுத்திப் பார்த்தார். தரையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டதால் செருப்பு ரேக்கை மட்டும்தான் துடைத்தாராம். எல்லாச் செருப்பும் காய்ந்துதான் இருந்தது. கீழ்த்தட்டில் ஒரு ஜோடி ஷூவில் மட்டும் சேறு அப்பிக் கிடந்தது. கம்பெனிகளில் கொடுக்கும் கனமான ஷூ. எவனோ ஒருத்தன், என்ன சொல்லியும் கேட்காதவன் என்று வைதுகொண்டே சுரண்டி எடுத்தாராம்.

"எடுத்ததை எங்க போட்டீங்க?"

"ரேக்குக்குப் பின்னாலயே தள்ளிட்டேன் சார். தப்பா?"

சுபஸ்ரீ முழங்காலிட்டுக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தாள். காய்ந்த சேற்றுப் பத்தை ஒன்று கிடந்தது, ஷூவின் அடிப்பக்கக் கோடுகள் பதிந்து. அதில் ஓர் இரும்புச் சுருள் ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் ஒரகடம் முனையில் டீ குடிக்க நின்றார்கள். நரசிம்மன் இரண்டு பிளேட் இட்லி சொன்னார், இரண்டும் சுபஸ்ரீக்கு. அவள் இரண்டாவது பிளேட்டில் இருக்கும்போது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து சைரன் அடித்தது. ஒரே குரலில் நீளமாக ஊதிவிட்டு நின்றது. கேட் திறந்து ஆட்கள் பேசிக்கொண்டே ஆற அமர வந்தார்கள்.

நரசிம்மன் டம்ளரை வைத்தார். "கேட்டியா?"

"எதை சார்?"

"சாப்பிடு" என்றார்.

சுபஸ்ரீ தன் கணக்கைச் சொன்னாள். சந்திரலேகாவுக்குத்தான் காரணம் இருக்கிறது. கம்பெனிக்காரர்களைப் பகைத்துக்கொள்ள முடியாது. பெட்டியை வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொன்னவர். எல்லோரும் முற்றத்தைப் பார்க்கும்போது எடுத்து எங்கேயாவது ஓர் ஓவியத்துக்குப் பின்னால் வைத்திருக்கலாம். நரசிம்மன் முழுக்கக் கேட்டார். நல்ல கணக்குதான், அந்த ஷூவுக்கு மட்டும் அதில் இடம் இல்லை என்றார்.

திங்கட்கிழமை மாலை எல்லோரையும் ஷெட்டுக்கு வரச் சொன்னார்கள். அன்று தூணுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மட்டும் வந்தால் போதும், யார் எங்கே இருந்தோம் என்று பார்க்க வேண்டும் என்று எழிலரசி போன் செய்தாள். முதல் ஷிப்ட் முடித்து ராமனும் வந்தான். நாற்பதை நெருங்கும் வயது, தடித்த தோள், சட்டைப் பையில் கம்பெனி அட்டை. தொழிலாளர்கள் வேறு சிலரும் வந்தார்கள். யாரும் சொல்லாமலே சனிக்கிழமை உட்கார்ந்த டிரம்களில் உட்கார்ந்தார்கள். அதையும் நரசிம்மன் பார்த்தார். ராமன் தூணை ஒட்டிய டிரம்மில் இருந்தான்.

"ராமன், சனிக்கிழமை நீங்க வெளிய எந்த வழியா போனீங்க?"

"எல்லாரும் போன வழிதான் சார். முன்னாடி."

"செருப்பு, ஷூ ஏதாவது போட்டுக்கிட்டுப் போனீங்களா?"

ராமன் சிரித்தான். "டிரில்னா இன்னான்னு தெரியாது போல உங்களுக்கு. பை எடுக்கக்கூடாது, செருப்பு தேடக்கூடாது, ஓடக்கூடாது. இருக்கிற மேனிக்கு நடந்து போவணும். பத்து வருசமா இவங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுக்கறேன்."

மற்றவர்கள் தலையசைத்தார்கள். ஒருத்தன், அண்ணன் வீட்டில் பாத்ரூமில் இருந்தாலும் சைரன் கேட்டால் அப்படியே வந்துவிடும் என்றான். சிரிப்பு எழுந்து அடங்கியது.

"சரி" என்றார் நரசிம்மன். "இந்தத் தரையைப் பாருங்க. வெளிய போனவங்க எல்லாரும் சேத்துக் காலோட திரும்பி வந்திருக்காங்க. ஒவ்வொரு டிரம்முக்கும் தடம் இருக்கு. உங்க டிரம்முக்கு மட்டும் இல்ல. நீங்க வெளிய போனது நிஜம், எல்லாரும் பார்த்திருக்காங்க. அப்ப உங்க கால் எப்படிச் சுத்தமா திரும்பி வந்துது?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ராமன் மட்டும் பார்க்கவில்லை.

"தொடச்சிகினு வந்திருப்பேன்."

"இருக்கலாம். ஆனா ரேக்குல எல்லாச் செருப்பும் காய்ஞ்சு இருந்தப்ப ஒரு ஜோடி கம்பெனி ஷூ மட்டும் சேறா இருந்துது. சனிக்கிழமை ஒருத்தர் மட்டும் ஷூ போட்டுக்கிட்டு வெளிய போயிருக்கார், திரும்பி வந்து அதை ரேக்குல கழட்டி வெச்சதாலதான் கால்ல சேறு இல்ல. சேத்தோட ஒட்டிக்கிட்டு வந்த இரும்புச் சீவல், இந்தப் பக்கக் கதவுக்கு வெளிய மட்டும்தான் கிடக்கு. வெறுங்காலோட அதுல ஒரு அடி வைக்க முடியாது. அந்த வழியா பைக்குப் போகணும்னு நினைச்சவருக்கு ஷூ வேணும். வர்றப்பவே ஷூவை ரேக்குல விடாம இந்தக் கதவுக்கு வெளிய விட்டிருக்கார். அப்படின்னா சைரன் அடிக்கப் போறது அவருக்கு முன்னாடியே தெரியும்."

"கம்பெனி ஷூ இங்க எல்லார்கிட்டயும் கீது சார்" என்றான் ராமன். குரல் இன்னும் உயரவில்லை. "நான் வெளிய நின்னு தல எண்ணினேன். கேளுங்க இவங்கள."

"அதுதான் உங்களுக்குப் பெரிய சாட்சி. நானும் அதுலதான் கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். வரிசை நேரான பெறகுதான் நீங்க வர்றீங்க, பைக் நிக்கற பக்கத்துலேருந்து. எண்ணுறவரு கடைசியாதான் வருவாரு, அதுல யாருக்கும் சந்தேகம் வராது. வரிசையில நிக்கற ஒருத்தன் லேட்டா வந்தா ஆள் குறையும். நீங்க லேட்டா வந்தாலும் வரிசையில ஆள் குறையாது. எண்ணுறவரை யாரும் எண்ணுறது கிடையாது."

முன்பு சிரித்தவன் ராமனைப் பார்த்தான், பிறகு தரையில் இருந்த தன் தடத்தைப் பார்த்தான்.

நரசிம்மன் தொழிலாளர்கள் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமை அடிச்சது என்ன சைரன்?"

"தீப்புடிச்சா அடிக்கறது" என்று மூன்று நான்கு பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

"ஷிப்ட் சைரன் இல்லையா?" என்று இளங்கோவன் கேட்டார்.

"அது வேற சார். அது சும்மா ஒரு தரம் ஊதும். அதுக்கு யாரு வெளிய ஓடப்போறா, டீ குடிக்கதான் போவான்."

சுபஸ்ரீக்கு இரண்டாவது பிளேட் இட்லி நினைவுக்கு வந்தது. காதில் விழுந்ததைக் கேட்காமல் விட்டோமே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"இளங்கோவன் கேட்டது ஷிப்ட் சைரன். அவருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, சந்திரலேகா அம்மாவுக்கும் தெரியாது" என்றார் நரசிம்மன். "கொடுத்தவருக்கு நல்லாத் தெரியும். எந்தச் சத்தத்துக்கு இந்த ஷெட் காலியாகும், எழிலரசி மேஜையை விட்டு எழுந்திருப்பாங்கன்னு தெரிஞ்சுதான் இதைக் கொடுத்திருக்கார். இளங்கோவன், நீங்க பெயர் சொல்ல வேணாம்."

இளங்கோவன் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்வை தூண் பக்கம் போய்த் திரும்பியதை எல்லோரும் பார்த்தார்கள்.

ராமன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டான்.

"பைக் பொட்டியிலதான் கீது" என்றான்.

சுபஸ்ரீ சாவியை வாங்கிக்கொண்டு முன்வாசல் வழியாகச் சுற்றிப் போய் எடுத்து வந்தாள். பழைய துண்டு ஒன்றில் சுற்றியிருந்தது. லைன் நம்பர், அமுங்கிய பச்சைப் பொத்தான், அதன் மேல் போல்ட், சிவப்புத் துணி முடிச்சு. எதுவும் அவிழ்க்கப்படவில்லை. எழிலரசி அதைத் தொடவில்லை, மேஜையில் வைக்கச் சொன்னாள்.

ராமன் யாரையும் பார்க்காமல் பேசினான். சனிக்கிழமையே செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் கொண்டுபோனானாம். கரையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டானாம். இரண்டு வருடமாக இழுத்தடித்த நிரந்தர வேலை ஆர்டர் இந்த மாதம் வருகிறது. அந்தப் பெட்டி விசாரணைக்கு வந்தால் யார் கட்டியது என்ற கேள்வி வரும். அவன் வீட்டில் மூன்று பேர் அவன் சம்பளத்தில் சாப்பிடுகிறார்கள்.

"அந்தத் துணி நான் கட்னது" என்றான் கடைசியில்.

எழிலரசி அவன் எதிரில் இன்னொரு டிரம்மை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்ணா. எந்த முடிச்சு யாரு கட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதா. என்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடனதும் நீதான். உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

"எழிலு..."

"கட்டச் சொன்னது யாரு? அத்த மட்டும் சொல்லு. பெட்டி வந்திச்சின்னா, கட்டிகினது நீதான்னு என்னியவே சொல்வான் கம்பெனிக்காரன். இல்லன்னா உன்னச் சொல்வான். சொன்னவன் ஏசி ரூம்ல ஒக்காந்துகினு இருப்பான்."

ராமன் வாயைத் திறந்தான். அவன் கை தன்னையறியாமல் சட்டைப் பையில் இருந்த கம்பெனி அட்டையைத் தொட்டது.

"புதன்கிழமை வந்து சொல்றேன்" என்றான். "அங்க வெச்சி சொல்றேன்."

போலீஸுக்குப் போகலாமா என்று சந்திரலேகா கேட்டார். இந்தத் தடவை அவர் பயப்படவில்லை. வேண்டாம் என்று எழிலரசி சொல்லிவிட்டாள். அவனை உள்ளே வைத்தால் சாட்சி சொல்ல ஆள் இல்லை. வெங்கடேசனிடம் சுபஸ்ரீ தானாகவே போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் அவளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

புதன்கிழமை விசாரணையில் பெட்டியை அதிகாரியின் மேஜையில் வைத்தார்கள். கம்பெனி வக்கீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொத்தான் கட்டப்பட்டிருந்ததை இனி மறுக்க முடியாது என்று தெரிந்ததும் பேச்சை மாற்றினார். சம்பளத்துக்கு மேல் ஊக்கத்தொகை கிடைக்கும் என்று அந்தப் பெண்ணே கட்டிக்கொண்டிருக்கலாம் என்றார். நீ கட்டவில்லை என்றால் யார் கட்டியது, யார் சொல்லிக் கட்டியது என்று அதிகாரி எழிலரசியைக் கேட்டார். அவள் வாசலைப் பார்த்தாள். நரசிம்மனும் பார்த்தார். சுபஸ்ரீ எழுந்து ரோடு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். விசாரணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

வெளியே வந்து, உங்களுக்கு என்ன தர வேண்டும் சார் என்று எழிலரசி கேட்டாள். எனக்கு ஒன்றும் வேண்டாம், இந்தப் பெண்ணுக்கு ஒரு பொட்டலம் சாம்பார் சாதம் வாங்கிக் கொடு என்றார் நரசிம்மன். அவள் அங்கேயே, எதிர்க்கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டாள். சூடாக இருந்தது. சுபஸ்ரீ நின்றபடியே சாப்பிட்டாள்.

அந்தக் கணக்கு அத்தோடு தீர்ந்தது. ராமனுக்கு நிரந்தர ஆர்டர் வந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டார்கள். அவன் எழிலரசிக்குத் தர வேண்டியது ஒரு பெயர். இன்னும் தரவில்லை.